மரக்கல மனுசருக்குத் தோணி தெரியாது



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இரவைக்கு வாசியுங்கள். வாசிக்காமலே "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு சேர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இதில் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

போன விடுமுறைக்கு நம்ம ஊர் ஆட்கள் போட்ட படங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தேன். வேன் பிடித்து பலப்பிட்டிய போய், மாதுகங்கையில் மோட்டார் படகு ஏறி, செம்மஞ்சள் லைஃப் ஜெக்கட் மாட்டி, கண்டல் மரங்களுக்கு நடுவில் வரிசையாக உட்கார்ந்த படங்கள். பென்தொட்டையில் இழுவைப் படகில் கத்திக்கொண்டு போகிற வீடியோக்கள். இன்னும் சிலர் பக்கத்து மாவட்டத்துக் கித்துள்கலைக்குப் போய் ரப்பர் படகில் நுரைக்குள் குதித்திருக்கிறீர்கள். சந்தோசம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது நல்ல காரியம், அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரு படத்திலாவது நம்ம பிள்ளையின் கை படகை நடத்தவில்லை. கித்துள்கலையிலாவது கையில் ஒரு துடுப்பைக் கொடுத்து "போடு, போடு" என்று கத்துகிறார்கள். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், பிறகு துடுப்பை வாங்கி வைத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் நாம் சுமை. காசு கொடுத்து ஏறிய சுமை. சுமைக்கு லைஃப் ஜெக்கட் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது மட்டக்குளத்துப் பிள்ளை, மாத்தளைப் பிள்ளை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நாம் இரத்தினபுரி ஆட்கள். களு கங்கை நம்ம வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு. சில வருடங்களில் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. அந்த ஆற்றில் ஒரு மரத்தோணியை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகத் தெரிந்த பிள்ளை நம்ம சமூகத்தில் எத்தனை பேர்? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். நீந்தத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இரண்டு மூன்று கை, அதுவும் பாதி உயரத்துக்கு. தோணி என்றதும் சிரிப்பு.

சிங்கள ஆட்கள் நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? "மரக்கல மினிஸ்ஸு." சிலர் அதை ஏளனமாகவும் சொல்கிறார்கள், அப்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் சொல்லைப் பாருங்கள். மரக்கலத்தில் வந்த மனிதர்கள். கடல் கடந்து பேருவளையிலும் களுத்துறையிலும் இறங்கி, உள்நாட்டுக்குத் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1344 இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலை ஏற வந்த கதையை இஸ்லாம் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் பெருமையாகப் படிப்பிக்கிறோம். அவர் கப்பலில் வந்தவர். நாம் முழங்கால் தண்ணீரைக் கண்டால் ஓடுகிறோம்.

இனி ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்மில் அநேகருக்கு இந்த ஆற்றைப் பற்றித் தெரிந்தது இரண்டே விசயம். ஒன்று, அதில் கல் கிடைக்கும். இரண்டு, மே மாதம் அது கடைக்குள் வரும்.

களு கங்கை பாவா ஆதம் மலைப் பக்கத்திலிருந்து இறங்குகிறது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே தொடங்குகிற ஆறு, நம்ம ஊருக்கு வரும்போது கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. விழ வேண்டியதெல்லாம் மேலேயே விழுந்து முடிந்துவிட்டது. இனி களுத்துறை வரைக்கும் கிட்டத்தட்டச் சமதரை. மொத்த ஆறு 129 கிலோமீற்றர். அதில் நமக்குக் கீழே உள்ள பெரும்பகுதியில் அது சோம்பேறி ஆறு. ஆண்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. மேலேயிருந்து வேகமாக வருகிற தண்ணீர், இங்கே வந்து வே கங்கையோடும் சேர்ந்து, போக வழி இல்லாமல் நிற்கிறது. அதுதான் வெள்ளம்.

அதே காரணத்தால்தான் இந்த ஊருக்குத் தோணி வந்தது. இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சரிவான ஆற்றில் பாரமேற்றிய தோணி எதிரேறி வர முடியாது. களு கங்கை படுத்துக் கிடக்கிற ஆறு என்பதால்தான் களுத்துறையிலிருந்து இரத்தினபுரி வரைக்கும் பாருவ என்கிற தட்டையடித் தோணிகள் வந்துபோயின. மேலே கிடுகுக் கூரை. நீண்ட கம்பை ஆற்றடியில் ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி மேலே கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மலையேறி இறங்கிய பிரயாணிகள் இங்கே தோணி ஏறி ஆற்றோடு களுத்துறைக்குப் போனார்கள். நல்ல வீதி இல்லாத காலத்தில் ஆறுதான் வீதி. பெயரைப் பாருங்கள், களுத்துறை. துறை என்றால் தோணி வந்து நிற்கிற இடம்.

பிறகு 1912 இல் களனிப் பள்ளத்தாக்கு ரயில் இரத்தினபுரிக்கு வந்தது. 1919 இல் ஓபநாயக்க வரை போனது. தோணிக்கு வேலை குறைந்தது. லொறி வந்தது, இன்னும் குறைந்தது. 1976 இல் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். தோணியைத் தள்ளிவிட்ட ரயிலும் போய்விட்டது. வெள்ளம் மட்டும் போகவில்லை.

1947 ஓகஸ்ட் வெள்ளத்தை நம்ம மூத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2003 மே 17 நம்மில் பாதிப் பேர் கண்ணால் பார்த்தது. எலபாத்தைப் பக்கம் மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போன நாட்கள் அவை. 2017 மே இருபத்தைந்து, இருபத்தாறு. அந்த இரண்டு வருடத்திலும் நாடு முழுக்க இருநூறு பேருக்கு மேல் மௌத். வகுப்பில் இன்று இருக்கிற பிள்ளைகளுக்கு 2003 என்பது கதை. 2017 ஐயும் சின்னதுகள் மறந்துவிட்டன. அடுத்ததை அவர்கள் பார்ப்பார்கள்.

வெள்ளம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாமானை மேல்மாடிக்கு ஏற்றுகிறோம். மேல்மாடி இல்லாதவர்கள் பள்ளிக்கு, பாடசாலைக்கு, பன்சலைக்கு, உறவுக்காரர் வீட்டுக்கு. பிறகு பல்கனியில் நின்று கையை ஆட்டுகிறோம். கடற்படைப் படகு எப்போது வரும், இராணுவம் எப்போது வரும் என்று போன் போடுகிறோம். அவர்கள் வருகிறார்கள், உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நல்லது செய்யட்டும். ஆனால் அவர்கள் வெளியூரிலிருந்து, வீதியில் தண்ணீர் நிற்கிற நேரத்தில், படகை லொறியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த முதல் இரவுக்கு ஊரில் யார் இருக்கிறார்? சோறு பார்சல் கட்ட நம்மிடம் நூறு வாலிபர்கள் இருக்கிறார்கள். பாராட்டுகிறேன், நம்ம பள்ளிவாசல்களில் கட்டிய பார்சல் எல்லா இனத்தவர் வீட்டுக்கும் போனது. அந்தப் பார்சலைத் தண்ணீருக்கு நடுவில் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் தேடினோமா இல்லையா? சிங்கள நானாமார் இரண்டு மூன்று பேர் தோணி வைத்திருந்தார்கள், அவர்கள்தான் கொண்டுபோனார்கள்.

"இப்ப ஃபைபர் படகும் இஞ்சினும் இருக்குதே, மரத்தோணி என்னத்துக்கு?" இதைக் கேட்பவர்கள் வெள்ளத்துக்குள் இஞ்சின் படகு ஓடியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊருக்குள் நிற்கிற தண்ணீர் ஆறு மாதிரி இல்லை. அடியில் மதில் இருக்கும், கேட் இருக்கும், கவிழ்ந்த த்ரீவீல் இருக்கும். மேலே கேபிள் வயர், உடுப்புக் காயப்போடுகிற கம்பி, வாழைமரம், பொலித்தீன். இஞ்சின் விசிறியில் ஒரு சீலைத் துண்டு சுற்றினால் கதை முடிந்தது, படகு வெறும் பெட்டி. கம்பு அப்படி இல்லை. கம்பை ஊன்றும்போதே ஆழம் தெரியும், கீழே மண்ணா சீமெந்தா என்பது கைக்குத் தெரியும். தட்டையடித் தோணிக்கு முழங்காலளவு தண்ணீர் போதும். இஞ்சின் படகு வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரிய ஓட்டத்தில் அதுதான் வேண்டும். ஆனால் முதலில் கையால் பழகியவன்தான் இஞ்சினையும் ஒழுங்காக ஓட்டுவான்.

தோணி பழகுவது என்றால் என்ன என்று தெரியாமலே அது வேண்டாம் என்கிறோம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள் ஏறப் பழக வேண்டும். சிரிக்காதீர்கள். அதிகம் பேர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நடுவில் காலை வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து உட்கார வேண்டும். ஒருத்தன் எழும்பினால் மற்றவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பாம்பைக் கண்டு எல்லாரும் மறுபக்கம் சாய்ந்தால் தோணி கவிழும். பாம்பை விட அதுதான் ஆபத்து. அடுத்தது துடுப்பு. பலத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. முன்னால் இருப்பவன் போடுகிற கணக்குக்குப் பின்னால் இருப்பவன் போட வேண்டும், பின்னால் இருப்பவன்தான் திசையைப் பிடிக்கிறான். பெரிய உடம்புக்காரப் பையன் சுற்றிச் சுற்றியே நிற்பான், மெலிந்த பிள்ளை நேராகப் போகும். இதைக் காணவே நான் காத்திருக்கிறேன்.

பிறகு ஓட்டம். ஆற்றைக் குறுக்கே கடக்க முகப்பை நேராக மறுகரைக்குத் திருப்பினால் ஓட்டம் பக்கவாட்டில் அடித்துக் கீழே கொண்டுபோய்விடும். முகப்பை ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அதே ஓட்டம் தோணியை மறுகரைக்குத் தள்ளிக்கொடுக்கும். எதிரியின் பலத்தையே வாங்கிக்கொள்கிற வித்தை. விஞ்ஞானப் பாடத்தில் விசைகளின் விளையுள் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பிக்கிறோம், பரீட்சை முடிந்ததும் மறக்கிறான். ஆற்றில் ஒரு தடவை கையால் உணர்ந்தால் மறப்பானா?

ஒரு வீட்டை, ஒரு மரத்தை, தண்ணீரில் நிற்கிற ஒரு ஆளை அணுகும்போது கீழ்ப்பக்கத்திலிருந்து, ஓட்டத்தைப் பார்த்தபடி அணுக வேண்டும். மேலேயிருந்து போனால் தோணி போய் அவர் மேலேயே மோதும். மரத்தில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஏறிக் கவிழ்க்கும். இதெல்லாம் ஐந்தே நாளில் ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையை வெள்ளத்துக்குள் அனுப்பச் சொல்லவில்லை. பத்து வருடத்தில் அவனுக்கு இருபத்திரண்டு வயசு.

இன்னொன்று. ஆற்றில் பழகிய பிள்ளை ஆற்றுக்குப் பயப்படும். பழகாத பிள்ளை பயப்படாது. நம்ம உம்மாமாருக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. "ஆத்துப் பக்கம் போகாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். பெரிய வகுப்புக்கு வந்ததும் கூட்டாளிகளோடு சொல்லாமல் போகிறான். மாணிக்கம் தோண்டிய பள்ளம் எங்கே, மணல் அள்ளிய குழி எங்கே என்று அவனுக்கு யார் சொன்னது? மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒரு அடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல் குழி. கல்லுக்காக ஆற்றடியைக் கிண்டத் தெரிந்த சமூகம் நாம், அந்தக் குழி எங்கே என்று பிள்ளைக்குக் காட்டத் தெரியாத சமூகமும் நாம்தான். தோட்டப் பக்கத்திலும் இதே கதை. லயத்துப் பிள்ளைகள் ஓடையில் குளிக்கப் போய்த் திரும்பி வராத செய்தியை நாம் ஒரு பத்தி வாசித்து, அடுத்த பக்கத்துக்குப் புரட்டுகிறோம்.

கிழக்கில் நடந்ததைப் பார்த்து அழுதோமே. 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டுகிற காலத்தில் ஓடவிட்ட மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போனார்கள். 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளி. வெள்ளம் ஓடிய வீதியில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு ஆறு மாணவர்களின் ஜனாஸாவைச் சுமந்தோம். அன்று இந்த முகநூல் முழுக்க துஆ. அடுத்த கிழமை வேறு பேச்சு. பாலம் கேட்டார்கள், பொறுப்பானவர்களை விசாரிக்கச் சொன்னார்கள், அது நியாயம், கேட்கத்தான் வேண்டும். நம்ம ஊரில் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் படிப்பிப்போம் என்று ஒரு கூட்டமாவது போட்டோமா?

அவர்கள் நீந்தத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த இழுப்பில் நல்ல நீச்சல்காரனும் தோற்பான், அல்லாஹ்வின் நாட்டம். நான் சொல்வது நம்ம பிள்ளைகளைப் பற்றி. முழங்காலளவு ஓடுகிற தண்ணீர் ஒரு பெரிய ஆளைத் தள்ளிவிடும், இரண்டடித் தண்ணீர் ஒரு காரைத் தூக்கிவிடும். இது ஆற்றோடு பழகியவனுக்குக் கண்ணாலேயே தெரியும். பழகாதவனுக்கு அது வீதியில் நிற்கிற தண்ணீர், அவ்வளவுதான்.

இப்போது பெண்பிள்ளைகள். இந்த இடத்தில் சிலர் வாசிப்பதை நிறுத்துவீர்கள், நிறுத்தாதீர்கள்.

2004 சுனாமியில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் மௌத்தானார்கள். 2005 இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் இதைப் பற்றி எழுதியபோது இலங்கையைப் பொறுத்தவரை சொன்ன காரணங்களில் ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு நீந்தவும் மரம் ஏறவும் பழக்கியிருந்தார்கள், பெண்பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை என்பது. கிழக்கில் உறவுக்காரர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், அறிக்கை வேண்டியதில்லை. ஆகவே "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு சேர்" என்று என்னிடம் கேட்கிறவர், அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்று யோசித்துக் கேளுங்கள். தனி நேரம் வையுங்கள். கரையில் உம்மாமார் இருக்கட்டும், பெண் ஆசிரியைகள் பழக்கட்டும், பழக்கத் தெரிந்த ஆசிரியை இல்லையென்றால் முதலில் ஆசிரியைகளுக்குப் பழக்குவோம். முழு உடுப்போடு பழகட்டும். சொல்லப்போனால் உடுப்போடுதான் பழக வேண்டும். வெள்ளம் வரும் இரவில் பிள்ளை நீச்சல் உடுப்பிலா இருக்கப்போகிறாள்? நனைந்த துணி எவ்வளவு பாரம், அது காலை எப்படிச் சுற்றும், மல்லாக்க மிதந்து மூச்சை எப்படிப் பிடிப்பது என்பது அவளுக்கு ஒரு நாளாவது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்வதும் குதிரையேற்றமும் பழக்குங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதை மிம்பரில் எத்தனை தரம் கேட்டிருப்போம். அதை ஹதீஸாக அறிவிப்பவர்களும் உண்டு, தொடரைப் பற்றிய விவாதத்தை மௌலவிமார் பார்த்துக்கொள்வார்கள், தயவுசெய்து கொமென்டில் அதைத் தொடங்க வேண்டாம். அம்பும் குதிரையும் இல்லாத ஊர் இது என்று சொல்லித் தப்பலாம். ஆறு இல்லை என்று சொல்ல முடியாது.

வங்காளதேசத்தைப் பாருங்கள். நம்மை விட ஏழை நாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே பிள்ளைகளின் மௌத்துக்குத் தண்ணீர் பெரிய காரணம் என்று கண்டதும் நீச்சல் தடாகம் கட்டக் காசு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமத்துக் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் சட்டம் அடித்து, அடியில் மூங்கில் தட்டுப் போட்டு, அதற்குள் பழக்கினார்கள். 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், விழுந்தவனுக்குக் கம்பு நீட்டிக் காப்பாற்றத் தெரிய வேண்டும். இதுதான் பாடம். பெண்பிள்ளைகளும் படித்தார்கள். அதே நாட்டில் முகம்மது ரெஸ்வான் என்ற கட்டடக் கலைஞர் 2002 இலிருந்து தோணிகளையே பாடசாலையாக்கி ஓடவிட்டிருக்கிறார். மழைக்காலத்தில் பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகும். முஸ்லிம் நாடு, முஸ்லிம் பிள்ளைகள், நம்மைப் போலச் சோறும் மீனும் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாது என்பதற்குக் காரணத்தை யாராவது எழுதுங்கள்.

பணக்கார நாட்டுக் கதை வேண்டுமா, அதுவும் இருக்கிறது. இங்கிலாந்தில் நோர்போக் என்ற பகுதியில் லட்ஹம் என்று ஒரு கிராமம். 1930 களில் கட்டிய மரப்படகுகளை இன்றும் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். இஞ்சின் கிடையாது, பாயும் கம்பும் மட்டும். சனங்கள் விடுமுறைக்குப் போய்க் காசு கொடுத்து அதில் ஓட்டப் பழகுகிறார்கள். படகு வைத்திருந்த குடும்பம் விற்கப் போன காலத்தில், 1968 இல், அந்தப் பகுதிக் கவுன்சில் பிள்ளைகளின் கல்விக்கென்று அந்தப் படகுகளை வாங்கியது. பிறகு ஒரு தர்ம நிதியம் பொறுப்பெடுத்தது. அங்கே வெள்ளத்துக்காக இதைச் செய்யவில்லை, தங்களுடைய ஆறு தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். நாம் நம்ம பாருவத் தோணியில் ஒன்றைக்கூட, காட்டுவதற்காகவேனும், ஊரில் வைத்திருக்கவில்லை.

நம்ம காற்றுக்குப் பாய் சரிவராது, மலைகளுக்கு நடுவில் உள்ள ஆறு. கம்பும் துடுப்பும் போதும்.

எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். இரண்டு வருடமாக இதைப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதால் எல்லாம் மனப்பாடம்.

"ஏதும் ஆனால் யார் பொறுப்பு?" ஒரு நிர்வாகக் கூட்டத்தில் என் வாயை அடைத்த கேள்வி இது. எந்த நிர்வாகம் என்று கேட்காதீர்கள். நல்ல கேள்விதான். அதனால்தான் பெற்றாரின் கையெழுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜெக்கட், ஒரு தோணிக்கு ஒரு பெரியவர், கரையில் கயிறோடு இரண்டு பேர், மேலே மலையில் மழை என்றால் அன்றைக்கு ஆறு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்கலாமா? பழக்காமல் விட்டு ஏதும் ஆனால் யார் பொறுப்பு? அப்போது மட்டும் கத்ர் என்று சொல்லிக் கையைக் கழுவுகிறோம்.

"எலிக்காய்ச்சல்." இதை நான் மதிக்கிறேன். இரத்தினபுரி எலிக்காய்ச்சலுக்குப் பெயர்போன மாவட்டம், வயலிலும் பத்தலிலும் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து கொடுக்கிற ஊர். வெள்ளம் வடிந்த கையோடு யாரும் பிள்ளையை இறக்கக் கூடாது. காயம், புண் உள்ள பிள்ளை கரையில் இருக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இது நிபந்தனை. இதைச் சொல்லி விசயத்தையே மூடிவிட முடியாது. வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீருக்குள் எல்லாரும் நிற்கத்தானே போகிறோம்.

"விடுமுறையில் டியூசன் இருக்குது." ஐந்து நாள் விடுங்கள். ஐந்தே நாள். ஏ எடுத்த பிள்ளையும் மிதக்கத் தெரியாவிட்டால் கல் மாதிரித்தான் போகும்.

"தோணி ஓட்டி என்ன சேர், மீன் புடிக்கவா போறான்?" இதுதான் உண்மையான காரணம். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை. தோணி நமக்கு வறுமையின் அடையாளம். மணல் அள்ளுகிறவன் ஓட்டுவது, துறைக்காரன் ஓட்டுவது. நாம் மாணிக்கக் கடைக்காரர்கள், நாம் ஏறி உட்காருகிறவர்கள். அதனால்தான் பலப்பிட்டியவில் படகில் உட்கார்ந்து படம் எடுப்பதில் வெட்கமில்லை, நம்ம ஆற்றில் கம்பு பிடிப்பதில் வெட்கம். ஒரு கல்லைப் பார்த்து உள்ளே என்ன நிறம் என்று சொல்லத் தெரிந்த ஹாஜியார்மாருக்கு ஒரு தொழிலைப் பார்த்து அதன் மதிப்பைச் சொல்லத் தெரியவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. ஜனவரி, பெப்ரவரியில் நம்ம ஆறு மெலிந்து கிடக்கும், வருடத்தில் மழை குறைந்த மாதங்கள் அவைதான். வருகிற சில வருடங்களுக்கு முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. நோன்பு பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கச் சொல்லவில்லை. முடிச்சுப் போடவும், கயிறு எறியவும், துடுப்புச் செதுக்கவும், வரைபடத்தில் ஆற்றைப் படிக்கவும் நோன்பு தடையா? அஸருக்குப் பிறகு பள்ளி வளவில் ஒரு மணித்தியாலம் போதும். தண்ணீர்ப் பாடத்தை நோன்புக்கு முன்னே சனி, ஞாயிறுகளில் வைக்கலாம், இல்லையென்றால் பெருநாள் கழிந்து மிச்சம் உள்ள நாட்களில். கரையோரம், இடுப்பளவு தண்ணீர், குழி இல்லாத இடம் என்று துறைக்காரர்கள் காட்டித் தருவார்கள்.

பழக்குவதற்கு ஆள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. கீழே மணல் தோணிகளில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பழைய துறைகளில் ஆள் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். அநேகர் சிங்களவர்கள், வயசானவர்கள். அவர்களை "மாத்தயா, எங்கட புள்ளைகளுக்குச் சொல்லித் தாங்க" என்று கூட்டிவந்து, நாற்காலி போட்டு, நாள் சம்பளமும் கொடுங்கள். இந்தக் காலத்தில் இரண்டு சமூகமும் ஒன்றாக உட்கார ஒரு தோணி கிடைப்பது சின்ன விசயமில்லை. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்ப்போம், அவர்களுடைய ஆசிரியர்களோடு நான் பேசுகிறேன்.

செலவு? இரண்டு தோணி, இருபது ஜெக்கட், கயிறு, ஐந்து நாள் சாப்பாடு. ஊரில் ஒரு கலியாண வீட்டின் மேடை அலங்காரத்தை விடக் குறைவு.

கொமென்டில் எனக்கு வேண்டியது மூன்று பதில். யாருடைய வாப்பாவோ மூத்தாப்பாவோ இந்த ஆற்றில் தோணி ஓட்டியவர் அல்லது தோணியில் சாமான் ஏற்றியவர் என்றால் பெயர் போட வேண்டாம், எந்தத் துறை என்று மட்டும் எழுதுங்கள், நான் வீட்டுக்கு வந்து கேட்கிறேன். பழைய தோணி எங்காவது கவிழ்த்துக் கிடந்தால் சொல்லுங்கள், கோழிக்கூடாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது, பிள்ளையை அனுப்பச் சம்மதமுள்ள பெற்றார், மகளையும் சேர்த்து அனுப்புவீர்களா இல்லையா என்று ஒரு சொல். லைக் வேண்டாம்.